கடனும் கொடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்துவதற்கென எழுதப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. சிலம்பையும் குறளையும் செவிக்கு விருந்தாகப் பெற வந்திருக்கும் இவ்வவையில் ஆலைப் புகையையும் கூலிக் கணக்கையும் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இவ்வுருக்கு நகரில் நம் குடும்பங்களுக்குச் சோறிடுவது ஆலைதான். நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியும், நாம் மருந்து பெறும் மருத்துவமனையும், குடியிருக்கும் குவார்ட்டர்சும் அதனுடையவை. இம்மண்டபத்து விளக்குக்குக்கூட அதன் கம்பியிலிருந்தே மின்சாரம் வருகிறது. நம்மை வாழவைக்கும் தொழிலைப் பற்றி ஆண்டுக்கு ஒரு நாளாவது கூடிச் சிந்திப்பது தகும் என்று செயற்குழுவினர் கருதினர். 'தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பில் பணியிடச் சமத்துவமும் சுற்றுச்சூழல் காப்பும்' என்று தலைப்பும் தந்தனர். தலைப்பு சற்றே நீளம். விருந்து ஆறுவதற்குள் முடித்துவிட முயல்வோம்.

'சி.எஸ்.ஆர்.' என்னும் மூன்று எழுத்துக்களை அறியாதார் இக்காலனியில் இல்லை. பேருந்து நிறுத்தத்து நிழற்குடையிலும், பக்கத்துச் சிற்றூரின் கைப்பம்பிலும், பள்ளிக் குழந்தைகளின் புத்தகப் பையிலும் அவ்வெழுத்துக்களைக் காண்கிறோம். இஃது ஏதோ முதலாளிகளின் மனம் கனிந்து வந்த தருமம் என்று எண்ணுவோர் உளர். அன்று. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவில், இதைக் கட்டாயமாக்கிற்று. 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அப்பிரிவு நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பில் 500 கோடி ரூபாய், விற்றுமுதலில் 1,000 கோடி ரூபாய், நிகர இலாபத்தில் 5 கோடி ரூபாய் ஆகிய இம்மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடவேண்டும் என்பது விதி. எவ்வெப்பணிகள் என்பதை அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை கூறுகிறது. பசியும் வறுமையும் போக்குதல், கல்வி, ஆண் பெண் சமத்துவம், சுற்றுச்சூழல் காப்பு, கலை, பண்பாடு, பொது நூலகம் என அப்பட்டியல் விரிகிறது. நாம் எடுத்துக்கொண்ட தலைப்பின் இரு பாதிகளும் அதில் இருக்கின்றன.

இருப்பினும், இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளுள் ஓர் இடத்தை நாம் ஊன்றிப் படிக்கவேண்டும். எவற்றைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் காட்டலாகாது என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. நிறுவனம் தன் வழக்கமான தொழிலை நடத்துவதற்குச் செய்யும் செலவு சேராது. தன் ஊழியருக்கு நன்மை பயக்கும் செலவு சேராது. விளம்பரப் பயன் கருதிச் செய்யும் உபயமும் அரசியல் கட்சிக்குத் தரும் நன்கொடையும் சேரா. வேறு எந்தச் சட்டமேனும் விதித்த கடமையை நிறைவேற்றுவதற்குச் செய்யும் செலவும் சேராது.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி தருவது 'சி.எஸ்.ஆர்.' ஆகாது. புகைபோக்கியின் வழியே தூசி வெளியேறாமல் பிடித்து நிறுத்தும் மின் கருவியைப் பழுதின்றி இயக்குவதும் ஆகாது. கழிவு நீரைத் தூய்மை செய்து ஆற்றில் விடுவதும் ஆகாது. இவை எல்லாம் கடன். இரண்டு விழுக்காடு என்பது கொடை. கடைக்காரரிடம் பற்று வைத்தவர் அதைத் தீர்க்காமல் கோயில் உண்டியலில் நூறு ரூபாய் இட்டுவிட்டு, கணக்குச் சரியாயிற்று என்று சொன்னால் கடைக்காரர் ஒப்புவாரா? சட்டமும் ஒப்பவில்லை. ஆண்டறிக்கையின் வண்ணப் பக்கங்களைப் புரட்டும் நாம்தாம் இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறோம்.

சட்டம் வருவதற்கு முன்னரே கடனை அறிந்து தீர்த்த தொழிலகங்கள் நம் நாட்டில் உண்டு என்பதையும் சொல்லுதல் நியாயம். சாக்சி என்னும் சிற்றூரில் எழுந்த டாட்டா உருக்காலை, 1912இல் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. நாட்டுச் சட்டமாக அது வந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில். இடையில் 36 ஆண்டுகள். ஊதியத்துடன் விடுமுறையும் சேமநல நிதியும் அங்கே 1920இல் வந்தன. மகப்பேற்று உதவி 1928இல் வந்தது. நாடு முழுமைக்குமான மகப்பேற்று உதவிச் சட்டம் 1961இல்தான் பிறந்தது. இவற்றைக் கூறும்போது ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் பெருந்தன்மையை மட்டும் புகழ்ந்து நிறுத்திவிடுவது மேடைப் பேச்சாளர் பலருக்கு வழக்கம். அதே நகரில் 1920இலும் 1928இலும் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பதையும், இரண்டாவதில் சுபாஷ் சந்திர போஸ் தொழிலாளருக்குத் தலைமை தாங்க வந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். முதலாளியின் நல்லெண்ணமும் தொழிலாளரின் ஒற்றுமையும் ஆகிய இரு கைகளாலும் கட்டியதே அந்நகரின் நலவாழ்வு. இத்துறையில் தமிழருக்கும் பங்குண்டு. 1918 ஏப்ரல் 27இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கமும் திரு.வி.க.வின் பெயரும் நம் பெரியோர்க்கு நினைவிருக்கும்.

இனிப் பணியிடச் சமத்துவத்துக்கு வருவோம். பெண்கள் நிலையை முதலில் நோக்குவோம். 1974இல் டெல்கோ என்ற மோட்டார் வண்டித் தொழிற்சாலை பொறியாளர் வேலைக்கு விளம்பரம் செய்தபோது, பெண்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று அதில் குறித்திருந்தது. பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி சினங்கொண்டு ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. அம்மாணவியே பின்னாளில் எழுத்தாளராக விளங்கும் சுதா மூர்த்தி அவர்கள். இக்கதையை நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு நாம் சொல்லி மகிழ்கிறோம். ஆனால் ஓர் அஞ்சலட்டையால் ஒரு கதவு திறக்கும். தொழிற்சாலையின் எல்லாக் கதவுகளும் திறப்பதற்குச் சட்டம் மாறவேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்யலாகாது என்று வைத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையைச் செல்லாது என்று தீர்த்து, பாதுகாப்புக்கு உரிய நிபந்தனைகளையும் வகுத்தது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்கத்தில் வேலைக்கு வைக்கலாகாது என்றது. 2019இல் தொழில்நுட்பம், மேற்பார்வை முதலிய பணிகளுக்கு அத்தடை தளர்ந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, பெண்கள் தம் ஒப்புதலோடு இரவுப் பணியும் புரியலாம். பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்வது நிருவாகத்தின் பொறுப்பு.

இரவு ஷிப்டுக்குப் பெண் வரலாம் என்று சட்டம் சொல்லிவிட்டால் போதாது. உடை மாற்ற ஓர் அறை, பூட்டுப் போட்ட கழிப்பறை, வீட்டு வாயில் வரை வரும் பேருந்து, கைக்குழந்தையை விட்டுச் செல்லக் காப்பகம் ஆகியன இருந்தால்தான் அவ்வுரிமை உயிர் பெறும். பெண் பொறியாளர் ஒருவர் மஞ்சள் தலைக்கவசத்துடன் சிரிக்கும் படத்தை நாள்காட்டியில் அச்சிடுவது எளிது. ஊது உலைக்கு அருகில் பெண்களுக்கென ஒரு கழிப்பறை கட்டுவதற்கு, படம் எடுப்பதைக் காட்டிலும் அதிகக் காலம் ஆகிறது என்பதை ஆலைக்குள் சென்று வரும் நம் பெண்மணிகள் நன்கு அறிவர்.

ஆண், பெண் என்னும் பிரிவினைக்கு மேலும் ஆழமான ஒரு கோடு ஆலைக்குள் ஓடுகிறது. நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்னும் கோடு அது. அரசாங்கத்தின் தொழிற்சாலை ஆண்டு ஆய்வுகளை நோக்கினால், பதிவு பெற்ற ஆலைகளில் தொழிலாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள் என்று தெரிகிறது. வாயிற்கதவின் வழியே காலை ஷிப்டுக்குச் செல்லும் கூட்டத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். தலைக்கவசத்தின் நிறத்தாலேயே யார் எவ்வகை என்று சொல்லிவிடலாம். ஒரே கன்வேயரின் ஒரு பக்கத்தில் நிற்பவருக்கு மருத்துவமனையும் குவார்ட்டர்சும் உண்டு. மறுபக்கத்தில் நிற்பவருக்கு ஒப்பந்தம் முடியும் நாள் ஒன்றே உறுதி. அவருள்ளும் கடைசிப் படியில் இருப்பவள் 'ரேஜா' என்று இவ்வட்டாரத்தார் அழைக்கும் பெண் கூலியாள். மண்ணும் கசடும் சுமப்பது அவள் தொழில். ஆலை வாயிலுக்கு வெளியே, சுற்றுப்புறப் பெண்களின் முன்னேற்றத்துக்காக நிறுவனம் தையற்பொறி வழங்கும் விழாவுக்கு நாமும் சென்று கைதட்டுகிறோம். வாயிலுக்கு உள்ளே சுமை தூக்கும் அந்தப் பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலி முழுமையாகக் கைக்கு வருகிறதா என்பதை அவ்விழாவில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், அது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது.

இவ்வேறுபாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் பிலாய் உருக்காலைக்கு இரும்புக் கனி தரும் தல்லி ராஜஹரா சுரங்கங்களின் கதையைப் படிக்கவேண்டும். அங்கே கையால் கனி தோண்டிய ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளருள் பெரும்பாலோர் சத்தீஸ்கரின் பழங்குடி, உழவர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வேலை செய்வது வழக்கம். அவர்கள் 1977இல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். சங்கர் குஹா நியோகி வழிகாட்டினார். வேலை இல்லாத நாளுக்கு ஒரு கூலி வேண்டும், மழைக்கு முன் குடிசை வேய ஒரு தொகை வேண்டும் என்பன அவர்கள் கேட்டவை. மூங்கிலும் கட்டையும் வாங்கக் கேட்ட அத்தொகை நூறு ரூபாய். அவ்வாண்டு ஜூன் 2, 3 ஆகிய நாட்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினொருவர் மாண்டனர். அவருள் ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் உண்டு.

அதன் பின் அத்தொழிலாளர் செய்ததுதான் நம் தலைப்புக்கு மிகவும் உரியது. தம் உழைப்பாலும் தம் சந்தாவாலும் ஒரு மருத்துவமனையை எழுப்பி 1983 ஜூன் 3இல் திறந்தனர். மாண்டவர் நினைவாகச் 'சஹீத் மருத்துவமனை' என்று பெயரிட்டனர். சுற்றியுள்ள ஊர்களின் ஏழைகள் எவரும் அங்கே வரலாம், இன்றும் வருகின்றனர். சுரங்கத்தை முழுவதும் இயந்திரமயமாக்கும் திட்டம் வந்தபோது, இயந்திரமே வேண்டாம் என்று அவர்கள் மறுக்கவில்லை. எந்திரமும் கையும் சேர்ந்து உழைக்கும் பாதி இயந்திரமயத் திட்டம் ஒன்றைத் தாமே வகுத்து முன்வைத்தனர். முழு இயந்திரம் வந்தால் முதலில் வெளியே போகிறவர் பெண்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நியோகி 1991 செப்டம்பரில் பிலாயில் கொல்லப்பட்டார். நூறு ரூபாய் குடிசைப் பணம் கேட்டவர்கள் மருத்துவமனை கட்டிய இவ்வரலாற்றை, சமூகப் பொறுப்பைப் பற்றி வகுப்பு எடுக்கும் மேலாண்மைக் கல்லூரிகள் முதற்பாடமாக வைக்கலாம் என்பது நம் கருத்து.

சுற்றுச்சூழல் பகுதிக்கு வருவோம். இது தனியொரு பொருள் போலத் தலைப்பில் காணப்படுகிறது. உண்மையில் முன்னர்ச் சொன்னதன் தொடர்ச்சியே. ஆலை நஞ்சு கக்குமாயின் அதை முதலில் மூச்சில் இழுப்பவர் யார்? கோக் அடுப்பின் மேல்தளத்தில் நிற்பவர். நிலக்கரியைக் காற்றின்றிச் சுட்டுக் கோக் ஆக்கும்போது மூடியின் இடுக்குகளில் கசியும் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அம்மூடி சரியாகப் பொருந்தினால் தொழிலாளியின் நுரையீரலும் தப்பும். நகரின் காற்றும் தப்பும். பொருந்தாவிட்டால், முதல் மூச்சு அவனுக்கு, அடுத்தது காற்று வீசும் திசையில் இருக்கும் பஸ்திக்கு, மிஞ்சியதே நமக்கு. நாம் பொங்கலன்று வாசலில் இடும் கோலத்தின் மேல் நண்பகலுக்குள் சாம்பல் படிகிறது. உலர்த்திய வேட்டி செந்தூசி ஏறித் திரும்புகிறது. கசடு மேட்டின் அடிவாரத்தில் குடியிருப்போர் வீட்டில் கோலம் இடுவதற்கு முன்பே தரை அந்நிறத்தில் இருக்கிறது.

கொடைக்கானலில் நடந்தது நம்மில் பலருக்குத் தெரியும். வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று 1980களில் அங்கே தொடங்கி, பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த கண்ணாடி உடைசல்கள் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடப்பது வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. தொழிலாளர், தாம் பாதரசத்தால் நோயுற்றதாகக் கூறினர். நிறுவனம் மறுத்தது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு கண்டது. ஆலைக்குப் பின்னே பாம்பாறு சோலை. சோலை மண்ணில் கலந்த அதே பாதரசந்தான் உள்ளே வேலை செய்த இளைஞரின் உடைகளிலும் இருந்தது. ஒன்றைச் சுற்றுச்சூழல் துறையும் மற்றொன்றைத் தொழிலாளர் துறையும் கவனிக்க வேண்டுமென்று அரசாங்கம் பிரித்துவைத்திருக்கிறது. பாதரசத்துக்கு அப்பிரிவினை தெரியாது.

தூத்துக்குடியை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. அங்கிருந்த தாமிர உருக்காலையும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் சமூகநலப் பணிகளை நடத்தியதுதான். 2013இல் சுற்றுச்சூழலுக்கு விளைந்த கேட்டுக்காக 100 கோடி ரூபாய் செலுத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 மே 22இல் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் இழந்தனர். ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அதைத் திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆலை மூடியதால் வேலை இழந்தவரும் நம் மக்களே என்பதை நாம் மறந்து பேசலாகாது. கடனை உரிய காலத்தில் தீர்த்திருந்தால் அவ்வேலைகளும் நின்றிருக்கும், அவ்வுயிர்களும் நின்றிருக்கும்.

அப்படியாயின் ஒரு நிறுவனம் கடனைத் தீர்க்கிறதா என்று நம்மைப் போன்றோர் எவ்வாறு அறிவது? வழி இருக்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' அமைப்பு, சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் ஆண்டுதோறும் 'பி.ஆர்.எஸ்.ஆர்.' என்னும் பொறுப்பறிக்கை வெளியிடவேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆண்டறிக்கையோடு அதுவும் கிடைக்கும், யாரும் படிக்கலாம். அதில் படங்கள் குறைவு, அட்டவணைகள் மிகுதி. ஆகையால்தான் படிப்போரும் குறைவு. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதார் எத்தனை பேர், அவருள் பெண்கள் எத்தனை பேர் என்று தனித்தனியே காட்டவேண்டும். ஆணின் இடைநிலை ஊதியம் எவ்வளவு, பெண்ணுடையது எவ்வளவு என்று சொல்லவேண்டும். விபத்தில் இறந்தோர் எண்ணிக்கை, பாலியல் தொல்லை பற்றி வந்த முறையீடுகள், காற்றில் கலந்த தூசி, கந்தக ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றின் அளவு என எல்லாமே அங்கே உண்டு. இரு ஆண்டறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவ்வெண்களை ஒப்பிட்டால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். இரும்பு எஃகு முதலிய பதினேழு வகைத் தொழில்களின் புகைபோக்கிகளில் அளவைக் கருவிகள் பொருத்தித் தொடர்ந்து கணக்கு அனுப்பவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இலேயே ஆணையிட்டது. ஆலை வாயிலில் மின்பலகையில் ஓடும் எண்கள் அவையே. அவற்றை நாம் கடிகாரம் பார்ப்பதுபோலப் பார்த்துச் செல்கிறோம். எது எல்லை என்று அறிந்து பார்ப்போர் சிலரே.

பெண் தொழிலாளரின் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 1997இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பின் வழியில் 2013இல் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள் விசாரணைக் குழு இருத்தல் வேண்டும். இச்சட்டத்தில் 'ஊழியர்' என்பது ஒப்பந்தக்காரர் வழி வந்தவரையும், நாட்கூலியையும் உள்ளடக்கும். அலுவலகத்தில் கணினி முன் இருக்கும் நம் மகளுக்கு உள்ள அதே முறையீட்டு உரிமை, கசடு சுமக்கும் ரேஜாவுக்கும் உண்டு. குழுவின் உறுப்பினர் பெயர்ப் பலகை எம்மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, எந்த வாயிலில் தொங்குகிறது என்று பார்த்தாலே அவ்வுரிமை அவளை எட்டியதா என்பது தெரிந்துவிடும்.

இதுவரை நிறுவனங்களைப் பற்றிப் பேசினோம். மண்டபத்தில் இருப்போருக்கு அது எளிதாகவே இருந்திருக்கும். இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

சென்ற மழைக்காலத்தில் நம் இளைஞரணியினர் காலனிப் பூங்காவைச் சுற்றி 200 மரக்கன்றுகள் நட்டனர். கன்றும் வேலியும் கம்பெனி உதவி. கன்றுகள் நன்கு வளர்ந்துள்ளன, இளைஞரைப் பாராட்டவேண்டும். ஆனால் காலனியில் ஏற்கெனவே மரம் மிகுதி. கசடு மேட்டுக்கும் பஸ்திக்கும் இடையே அரை மைல் தூரத்துக்கு ஒரு செடி இல்லை. வரும் மழைக்குக் கன்றுகள் அங்கே செல்லவேண்டும் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறோம். தண்ணீர் ஊற்றுவதற்குத் தொலைவு அதிகம் என்பது ஒரு தடை. பஸ்தியிலுள்ள பள்ளியின் ஆசிரியர்கள் அப்பொறுப்பை ஏற்பதாகச் சொல்லியிருக்கின்றனர்.

மற்றொன்று இதைவிட அணுக்கமானது. ஒவ்வோர் ஆண்டும் உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்-டவுன் காலத்தில், திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வெல்டர்களும் பிட்டர்களும் ஒப்பந்தக்காரரோடு வருகின்றனர். தகரக் கொட்டகையில் தங்குகின்றனர். சிலர் இரண்டு மூன்று ஆண்டுகள் இங்கேயே இருந்துவிடுகின்றனர், குடும்பத்தையும் அழைத்துக்கொள்கின்றனர். நம் கோயில் அன்னதானத்துக்கு வருகின்றனர். பாத்திரம் கழுவவும் பந்தல் கட்டவும் முன்வருகின்றனர். ஆனால் அவர்கள் நம் சங்க உறுப்பினர் அல்லர். உறுப்பினர் படிவத்தின் நான்காம் வரி குவார்ட்டர்ஸ் எண்ணையும், ஐந்தாம் வரி ஊழியர் எண்ணையும் கேட்கிறது. இரண்டும் அவர்களிடம் இல்லை. சங்கம் தொடங்கிய நாளில், இந்நகரில் தமிழர் என்றால் நிரந்தர ஊழியர் என்றே பொருள். ஆகவே அவ்விரு வரிகளும் யாரையும் விலக்கும் எண்ணத்தோடு எழுதப்பட்டவை அல்ல. இன்றோ அவை விலக்குகின்றன. அவர்கள் பிள்ளைகள் நம் ஞாயிறு தமிழ் வகுப்பில் சேரவும் உறுப்பினர் எண் வேண்டும்.

ஆலைக்குள் ஓடும் அக்கோட்டைப் பற்றி நிருவாகத்தாரிடம் பேச நமக்கு ஆவல் உண்டு. சங்கத்துக்கு அதற்குரிய அதிகாரம் இல்லை. இப்படிவத்தின் இரண்டு வரிகளைப் பற்றிய அதிகாரம் முழுவதும் நம்முடையது. அவ்வரிகளை நீக்கி, 'இந்நகரிலோ சுற்றுப்புறத்திலோ வசிக்கும் தமிழ் பேசும் எவரும்' என்று சேர்க்கும் திருத்தம் நாளைக் காலை பத்து மணிக்குப் பொதுக்குழுவின் முன் வருகிறது. ஷட்-டவுன் பணியாளருக்கு ஆண்டுச் சந்தாவைத் தவணையாகப் பெறுவது பற்றியும், தமிழ் வகுப்பில் இடம் போதாவிட்டால் மாலையில் இரண்டாம் வகுப்பு தொடங்குவது பற்றியும் அதே கூட்டத்தில் முடிவு செய்யப்படும். மண்டபம் சிறியது, புதியவர் வந்தால் ஆண்டு விழாவுக்கு நாற்காலி போதாது என்று சிலர் கூறுவதும் நம் செவிக்கு வந்தது. அதற்கும் ஒரு மதிப்பீடு தயாராக இருக்கிறது, பொருளாளர் வாசிப்பார். திருத்தம் நிறைவேற, வந்திருப்போருள் மூன்றில் இரு பங்கினர் கை உயர்த்தவேண்டும். சென்ற ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்தவர் முப்பத்தொரு பேர். இன்றிரவு விருந்துக்கு வந்திருப்போர் முந்நூறுக்குக் குறையார். நாளைக் காலையும் வாருங்கள்.